சத்தியம் போதும், சிகிச்சை கொடு!



நம் சங்கக் கூட்டங்களில் கூலி உயர்வைப் பற்றிப் பேசுகிறோம். ரேஷன் அட்டையைப் பற்றிப் பேசுகிறோம். பிள்ளைகளுக்குத் தமிழ்ப் படிப்பு வேண்டும் என்று தீர்மானம் போடுகிறோம். ஆனால் கூட்டம் கலைந்த பிறகு பெண்கள் நம்மை நிறுத்திவைத்துக் கேட்கிற கேள்வி எந்தத் தீர்மானத்திலும் இல்லாதது. "அண்ணா, இவர் குடியை நிறுத்த ஏதாவது வழி உண்டா?" மார்டள்ளியில் கேட்கிறார்கள். மைசூரில் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால், நாம் போராடி வாங்கித் தந்த கூலி உயர்வு எந்தக் கல்லாவில் போய் விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே வெட்கப்படாமல் இதைப் பேசித் தீரவேண்டும்.

நாம் சொல்ல வந்தது இதுதான். குடிக்கு அடிமையானவன் நோயாளி. நோயாளியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்புவது வைத்தியம் ஆகாது. அவனுக்குப் புட்டியை விற்றுக் காசு வாங்கிய அரசு, அவன் நோய்க்கு மருந்தும் படுக்கையும் கொடுக்கக் கடமைப்பட்டது. அந்தக் கடமையை நினைவூட்டுவது சங்கத்தின் வேலை.

மனஉறுதி இல்லாதவனா தொழிலாளி?

"நினைத்தால் விட்டுவிடலாம், அவனுக்கு மனஉறுதி இல்லை" என்று சொல்லாதவர் யார்? மேஸ்திரி சொல்கிறார். மேடையில் பிரமுகர் சொல்கிறார். குடிக்கிறவனே தன்னைப் பற்றி அப்படித்தான் சொல்லிக்கொள்கிறான்.

நம் ஊரையே பாருங்கள். மார்டள்ளி வட்டாரத்தில் பெரும்பாலோர் கத்தோலிக்கக் குடும்பத்தார். தவக்காலம் வந்தால் 40 நாள் புட்டியைத் தொடாத ஆண்கள் இங்கே உண்டு. பக்கத்துத் தெருவில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர் 48 நாள் விரதம் காக்கிறார். கறுப்பு வேட்டியோடு ஒயின் ஷாப்பைக் கடந்து போகிறார், திரும்பிப் பார்ப்பதில்லை. 40 நாளும் 48 நாளும் நாக்கைக் கட்டி வைத்தவனை மனஉறுதி இல்லாதவன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆனாலும் ஈஸ்டர் முடிந்த அன்று இரவிலும், மாலை கழற்றிய மறுநாளிலும் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறான். ஏன்? விரதம் அவனுக்கு ஒரு தேதி கொடுத்தது. தேதி முடிந்ததும் அவனோடு நடக்க யாரும் இல்லை. உடம்பின் தாகம் அப்படியே இருந்தது, கடையும் அப்படியே இருந்தது.

விரதத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. அது நல்ல தொடக்கம். தொடக்கத்தையே முடிவு என்று நம்பவைப்பதைத்தான் குறை சொல்கிறோம்.

இன்னொரு வகையினர் இருக்கிறார்கள். அவர்களால் ஒரு நாள்கூட நிறுத்த முடியாது. காலையில் கை நடுங்குகிறது, டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. ஒரு மடக்கு உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கிறது, சாந்துக் கரண்டி கையில் நிற்கிறது. அவன் ஆசைக்குக் குடிப்பது என்றோ முடிந்துவிட்டது. வேலைக்குப் போக வேண்டுமே என்று குடிக்கிறான். இந்த இடத்தைத்தான் டாக்டர்கள் மது அடிமை நோய் என்கிறார்கள்.

உடம்பில் நடப்பது என்ன?

ரயில்வேக்காரர் பாஷையில் சொல்கிறோம். மது நரம்புகளை அமுக்கி மந்தமாக்கும் பொருள். தினமும் அந்தச் சுமை ஏறினால் மூளை சும்மா இருப்பதில்லை. சுமையை இழுக்க என்ஜின் கூடுதல் வேகம் கொடுப்பதுபோல, மதுவுக்கு எதிராக மூளையும் தன்னை முடுக்கிக்கொள்கிறது. வருஷக்கணக்கில் அப்படியே ஓடிப் பழகிவிடுகிறது. திடீரென்று ஒரு நாள் சுமையைக் கழற்றிவிட்டால் என்ன ஆகும்? முழு வேகத்தில் முடுக்கிய என்ஜின் தறிகெட்டு ஓடும்.

அதுதான் குடியை நிறுத்தியவனுக்கு நடக்கிறது. சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு, தூக்கமின்மை. சிலருக்கு முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு. இன்னும் சிலருக்கு இரண்டு, மூன்று நாளில் சித்தம் கலங்கி, இல்லாத பூச்சி சுவரில் ஊர்வதாகவும், இல்லாத ஆள் கூப்பிடுவதாகவும் தோன்றும். இதைப் பார்த்துவிட்டுப் பேய் பிடித்தது என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிறவர்கள் உண்டு. தாய்மார்களே, அது பேய் அல்ல! குடியை நிறுத்தியதால் வந்த ஜன்னி. கவனிக்காவிட்டால் உயிரே போகும். அன்று போகவேண்டிய இடம் ஆஸ்பத்திரி, அதுவும் உடனே.

ஆஸ்பத்திரியில் செய்வது பெரிய மாயமும் இல்லை, லட்ச ரூபாய் வைத்தியமும் இல்லை. நரம்பை அடக்கும் மாத்திரையை டாக்டர் கண்காணிப்பில் கொடுத்துச் சில நாளில் படிப்படியாகக் குறைக்கிறார்கள். தயமின் என்ற பி-1 வைட்டமின் ஊசி போடுகிறார்கள். அந்த வைட்டமின் குறைந்தால் குடிப்பவனின் மூளை கெடும், நடை தள்ளாடும், ஞாபகம் போகும். உடம்பு தேறிய பிறகு, மறுபடி குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் உண்டு. ஈரலின் நிலையைப் பார்த்து டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறப்பார்" என்று சுவரில் எழுதி மருந்து விற்கிறார்கள். கலக்காதீர்கள்! குடி நிறுத்த டைசல்ஃபிராம் என்று ஒரு மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டவர் மது குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியும். டாக்டர் சொல்லி, சம்மதித்து, தெரிந்து சாப்பிடுகிறவருக்கு அது காவல். தெரியாமல் சாப்பிட்டவருக்கு அதுவே எமன். சுவர் விளம்பரக்காரன் விற்கும் பொடியில் என்ன இருக்கிறது என்பதோ யாருக்கும் தெரியாது.

ஊரடங்கு காட்டிய உண்மை

மனஉறுதிக் கதையை 2020-ஆம் ஆண்டு ஊரடங்கு உடைத்துப் போட்டது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் மதுக்கடைகள் மூடப்பட்டன. அடிமையாகிப்போனவர்களுக்கு என்ன செய்வது என்று எந்த அரசும் முன்கூட்டி யோசிக்கவில்லை. கர்நாடகாவிலும் கேரளாவிலும் மது கிடைக்காமல் தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்தி பத்திரிகைகளில் வந்தது. செங்கல்பட்டில் வார்னிஷைக் குடித்து 3 பேர் செத்தார்கள். பெங்களூர் ஆஸ்பத்திரிகளுக்கு வலிப்போடும் ஜன்னியோடும் வந்தவர்கள் அதிகமானதை டாக்டர்களே ஆராய்ந்து எழுதினார்கள்.

பிறகு மே 4 அன்று கர்நாடகாவில் கடையைத் திறந்தார்கள். எவ்வளவு நீள வரிசை! "பாருங்கள் குடிகாரர்களை" என்று படம் பிடித்துச் சிரித்தார்கள். சிரித்தவர்களை ஒன்று கேட்கிறோம். கஜானா காலியானபோது அரசு முதலில் எதைத் திறந்தது? பள்ளிக்கூடத்தையா? வேலையிழந்து தலையில் மூட்டையோடு நடந்துகொண்டிருந்த தொழிலாளிக்குச் சோற்றுச் சாலையையா? அந்த வரிசையில் நின்ற தொழிலாளி மட்டுமா அடிமை? அவன் காசுக்குக் காத்திருந்த அரசு அடிமை இல்லையா?

யார் வீட்டில் விளக்கெரிகிறது?

கணக்கைப் பாருங்கள். 2023-24-ல் கர்நாடக அரசுக்குக் கலால் வருமானம் 34,000 கோடி ரூபாய்க்கு மேல். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் டாஸ்மாக் வழியாக அரசுக்குக் கிடைத்தது 45,000 கோடிக்கு மேல். பாலாற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு அரசு, அந்தப் பக்கம் ஒரு அரசு. காவிரித் தண்ணீருக்குச் சண்டை போடும் இரண்டு அரசுகளும் இந்தத் தண்ணீர் விஷயத்தில் எவ்வளவு ஒற்றுமை!

ஏழைக்குச் சோறும் சத்துணவும் இந்தக் காசில்தானே வருகிறது என்று நியாயம் பேசுகிறார்கள். நம் பையிலிருந்து நூறு ரூபாயை எடுத்துப் பத்து ரூபாய்க்குப் பிள்ளைக்கு முட்டை கொடுப்பதற்குப் பெயர் தர்மமா?

முதலாளிக்கும் குடி நல்ல கூட்டாளி. சனிக்கிழமை கூலி போடும்போது ஒயின் ஷாப் பக்கத்தில் வைத்துப் பட்டுவாடா செய்யும் மேஸ்திரிகள் உண்டு. கூலியில் பிடித்துக்கொண்டு குவாட்டர் வாங்கித் தரும் கங்காணித்தனமும் உண்டு. குடிப்பவன் அட்வான்ஸ் கேட்பான். அட்வான்ஸ் வாங்கியவன் கூலி உயர்வு கேட்கமாட்டான். இது இன்று நேற்று வந்த தந்திரம் அல்ல. தென்னாப்பிரிக்காவின் திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியாகத் தினமும் மதுவை ஊற்றிக் கொடுக்கும் முறை தலைமுறை தலைமுறையாக நடந்தது. அதற்கு 'டோப்' முறை என்று பெயர். அது சட்டப்படி ஒழிந்த பிறகும் அந்த வட்டாரம் மீளவில்லை. தாய் குடித்ததால் கருவிலேயே பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகத்திலேயே மிக அதிகமான இடங்களில் அது ஒன்று. கூலியைச் சாராயக் கடையில் வைத்துக் கொடுக்கக் கூடாது என்று இங்கிலாந்தில் 1883-லேயே சட்டம் போட்டார்கள். நம் நாட்டுச் சட்டமும் கூலியைப் பணமாகக் கொடு என்றுதான் சொல்கிறது. குவாட்டர் பணம் ஆகாது!

பிழைக்கப் போன தமிழன் இதை எதிர்த்த சரித்திரமும் உண்டு. மலாயா ரப்பர் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளிக்கென்றே கள்ளுக்கடை வைத்தார்கள். 1946-47-ல் கெடா மாநிலத்தில், ஹார்வர்ட் எஸ்டேட்டைச் சேர்ந்த ஏ.எம்.சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்து அந்தக் கடைகள் முன் மறியல் செய்தது. 1947-ல் பீடோங்கில் போலீஸ் அடக்குமுறை பாய்ந்தது, உயிர்ப்பலியும் நேர்ந்தது. கூலிக்கான போராட்டமும் குடிக்கு எதிரான போராட்டமும் ஒரே போராட்டம் என்று அன்றே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கடையை மூடினால் மட்டும் போதுமா?

நம் வட்டாரம் மதுவிலக்கையும் பார்த்திருக்கிறது, மதுக்கடையையும் பார்த்திருக்கிறது. பக்கத்துச் சேலம் ஜில்லாவில்தான் 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது. அதற்கும் முன்பே ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் முன் நின்றார்கள். கொள்ளேகால் தாலுகா அப்போது கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. 1956-ல் மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்தது. 1997-ல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தது. மார்டள்ளி இன்று ஹனூர் தாலுகாவில் இருக்கிறது. ராஜ்யம் மாறியது, ஜில்லா மாறியது, தாலுகா மாறியது. குடிநோயாளிக்கு ஒரு படுக்கை மட்டும் வரவில்லை.

1981 ஜூலையில் பெங்களூரில் விஷச் சாராயத்துக்கு 300 பேருக்கு மேல் பலியானார்கள். 2007 ஜூலை 1 முதல், குமாரசாமி முதலமைச்சராக இருந்தபோது, கர்நாடகாவில் சாராயம் தடை செய்யப்பட்டது. நல்லதுதான். பாக்கெட் சாராயம் போனது. ஆனால் அதைக் குடித்த தொழிலாளியின் நோய் எங்கே போகும்? அடுத்த ஆண்டே, 2008 மே மாதத்தில், பெங்களூர்ப் பக்கத்திலும் கோலாரிலும் கிருஷ்ணகிரியிலும் கள்ளச்சாராயம் 150 பேருக்கு மேல் கொன்றது. மறுபக்கம், 90 மில்லி மலிவு விஸ்கி அட்டைப் பாக்கெட்டில் சட்டப்படியே அதே தொழிலாளியின் கைக்கு வந்து சேர்ந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் பலி வாங்கியது. அங்கே சட்டப்படியான கடையும் இருந்தது, கள்ளச்சாராயமும் இருந்தது. கடையில் வாங்கக் காசில்லாத கூலிக்காரன்தான் செத்தான்.

ஆகவே நாம் சொல்கிறோம்: கடைகளைக் குறை, குடியிருப்புக்கும் பள்ளிக்கும் பக்கத்தில் இருப்பதை மூடு. 2019 ஜனவரியில் சித்ரதுர்காவிலிருந்து பெங்களூர்வரை 200 கிலோமீட்டர் நடந்து வந்து மதுவிலக்குக் கேட்ட கர்நாடகத்துக் கிராமத்துப் பெண்களுக்கு நம் வணக்கம். ஆனால் கடையை மூடுகிற கை சிகிச்சையையும் திறக்க வேண்டும். சிகிச்சை இல்லாமல் மூடினால் தொழிலாளி விஷத்தைத் தேடிப் போவான். கடையை மூடாமல் சிகிச்சை கொடுத்தால் வாசலிலேயே மறுபடி விழுவான்.

எட்டாத ஆஸ்பத்திரி

2019-ல் மத்திய அரசு வெளியிட்ட எய்ம்ஸ் ஆய்வின்படி, நாட்டில் மதுவுக்கு முழு அடிமையானவர்கள் ஏறக்குறைய 2 கோடியே 90 லட்சம் பேர். அவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையை எட்டியவர். மற்ற 37 பேருக்கும் கிடைத்தது என்ன? அடியும் வசவும் சத்தியமும்!

நம் பக்கத்தில் அந்த ஒருவராவதுகூட எவ்வளவு கஷ்டம்! 2018 டிசம்பரில் சூளவாடிக் கோவில் பிரசாதத்தில் விஷம் கலந்து 15 பேருக்கு மேல் இறந்த நாளை யாரும் மறந்திருக்க முடியாது. உயிருக்குப் போராடியவர்களை மைசூருக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியிருந்தது. நூறு கிலோமீட்டருக்கு மேல்! குடியை நிறுத்தி மூன்றாம் நாள் ராத்திரி வலிப்பு வந்தவனுக்கும் அதே தூரம்தான், அதே ரோடுதான்.

போய்ச் சேர்ந்தால் பாஷை தடுக்கிறது. காலொடிந்தவனுக்குக் கட்டுப்போடப் பாஷை வேண்டாம். குடிநோய் அப்படியா? எப்போது ஏக்கம் வருகிறது, யாரோடு சேர்ந்தால் வருகிறது, மனதில் என்ன பாரம் என்று மணிக்கணக்கில் பேசித்தான் அந்த வைத்தியம் நடக்கவேண்டும். அதைத் தெரியாத பாஷையில் எப்படிப் பேசுவான்? கன்னட மக்கள் நம் பகைவர்கள் அல்ல. தர்மஸ்தலத்தார் ஊர் ஊராக நடத்தும் குடி நிறுத்த முகாம்களில் எத்தனையோ கன்னடக் குடும்பங்கள் பயன்பெற்றிருக்கின்றன. அந்தப் பயன் தமிழ் பேசும் தொழிலாளிக்கும் அவன் பாஷையில் கிடைக்கவேண்டும் என்பதே நம் வாதம்.

இது பிச்சை அல்ல. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவால் வரும் மனநோயையும் தன் வரம்புக்குள் சேர்த்திருக்கிறது. அரசுச் செலவில் சிகிச்சை பெறுவது குடிமகனின் உரிமை என்கிறது. அரசியல் சட்டத்தின் 47-வது பிரிவோ, போதைப் பொருளை விலக்க முயல்வது அரசின் கடமை என்கிறது. எந்தக் கலெக்டர் இதை மறுக்க முடியும்?

வீட்டில் நாம் செய்யவேண்டியது

அரசு வரும்வரை கைகட்டி இருக்க முடியாது. தினமும் குடித்து, காலையில் நடுங்குகிறவரைத் திடீரென்று அறையில் பூட்டி நிறுத்தவைக்காதீர்கள். முதலில் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். போதையில் இருப்பவரிடம் வழக்குப் பேசாதீர்கள். தெளிந்த காலையில் பேசுங்கள். சம்பாத்தியத்தில் அரிசிக்கும் பள்ளிக்கும் உரியதை முதலில் ஒதுக்குங்கள். அடிக்கிற கையை மட்டும் நோய் என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம். குடி நோய், ஆனால் மனைவியை அடிப்பது குற்றம். அதற்குச் சட்டமும் உண்டு, சங்கமும் உண்டு.

ஆறு மாதம் நிறுத்தியவர் ஒரு நாள் வழுக்கி விழலாம். "பார்த்தாயா, நாய் வால்" என்று ஊர் சிரிக்கும். நாம் சிரிக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிக்கு ஒரு மாதம் சர்க்கரை ஏறினால் மருந்தைக் குப்பையில் போடுகிறோமா? விழுந்தவர் மறுநாளே ஆஸ்பத்திரி வாசலுக்குத் திரும்ப வேண்டும். திரும்பும் தைரியம் அவருக்கு வரவேண்டுமானால் வீட்டில் ஏச்சு குறைய வேண்டும்.

1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடியால் நொறுங்கிய இரண்டு பேர், ஒரு பங்கு வியாபாரியும் ஒரு டாக்டரும், ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்து நிறுத்தினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற ஏ.ஏ. கட்டணம் இல்லை, பெயர் வெளியிடுவதில்லை. குடித்து மீண்டவனே குடிப்பவனுக்குத் துணை. சங்கம் என்றால் இதைவிட வேறென்ன? "குடிகாரனுக்குச் சங்கத்தில் இடமில்லை" என்பவர்களுக்கு நம் பதில்: அவனுக்குத்தான் சங்கம் முதலில் வேண்டும். போதையோடு கூட்டத்துக்கு வரக்கூடாது, சரி. ஆனால் மீள விரும்புகிறவனுக்கு வலது பக்கம் ஒருவர், இடது பக்கம் ஒருவர் நின்றாக வேண்டும்.

நம் கோரிக்கைகள்

1. ஹனூர், கொள்ளேகால் அரசு ஆஸ்பத்திரிகளில் குடிநோயாளிகளுக்கென்று படுக்கையும், மருந்தும், மனநல டாக்டரும் வேண்டும்.

2. மார்டள்ளி வட்டாரத்துக்கும் மைசூர் ஆஸ்பத்திரிகளுக்கும் தமிழ் தெரிந்த ஆலோசகர்களை நியமிக்க வேண்டும்.

3. கலால் வருமானத்தில் ஒரு பங்கைச் சட்டப்படி குடிநோய்ச் சிகிச்சைக்கு ஒதுக்கி, கணக்கை ஊரறிய வெளியிட வேண்டும்.

4. குடியிருப்புக்கும் பள்ளிக்கும் அருகிலுள்ள கடைகளை மூடவேண்டும். பெட்டிக்கடையில் திருட்டுத்தனமாக விற்பதை நிறுத்த வேண்டும்.

5. மதுக்கடையில் வைத்துக் கூலி கொடுப்பவர் மீதும், கூலியில் பிடித்து மது தருபவர் மீதும் வழக்குப் போட வேண்டும்.

6. சிகிச்சைக்குப் போகும் தொழிலாளியின் வேலை பறிபோகாமல் காக்க வேண்டும்.

அவசரத்துக்கு அரசின் இலவசத் தொலைபேசி எண்கள் இரண்டு: போதை மீட்புக்கு 14446, மனநல உதவிக்கு 14416. எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள்.

தோழர்களே! நம் முன்னோர் கல் உடைத்தார்கள், காடு திருத்தினார்கள், ரோடு போட்டார்கள். அவர்களின் பேரன் ஒரு 90 மில்லி பாக்கெட்டுக்குத் தன் கூலியையும் குரலையும் சேர்த்துக் கொடுக்கிறான். கூலி உயர்வுக்கு மனுக் கொடுக்கப் போகும்போது இந்த ஆறு கோரிக்கைகளையும் அதே காகிதத்தில் எழுதுவோம். கையெழுத்துப் போட வருகிறவர்களில் குடிப்பவர்களும் இருக்கட்டும். நடுங்கும் கையால் போட்டாலும் கையெழுத்து கையெழுத்துதான்!